பின்னாடி அண்ணன்

செத்தவங்களைப் பத்தி நல்லதைத்தான் பேசணும்பாங்க. எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. எங்க வீட்டுக்காரரோட காலைக் கெடுத்த மனுசன், போறதுக்கு முன்னாடி என் பேரையும் சேத்துக் கெடுத்துட்டுத்தான் போனாரு. அவரைப் பத்தி நான் பேசலன்னா வேற எவ பேசுவா?

கூலிம்ல இருந்து கராங்கான் போற ரோட்டோரம் அவருக்கு ஒரு ஒர்க்‌ஷாப். தகரக் கொட்டாய், சுத்திலும் கழட்டிப் போட்ட இஞ்சினுங்க, வாசல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலியில அவரு. வெள்ளை பனியன், தொப்பைக்குக் கீழ இறங்கின காக்கி சிலுவார், பிளாஸ்டிக் பையில ஸ்ட்ரா போட்ட தேயோ, பால் ஊத்தாத டீ. காது மடல்ல எப்பவும் ஒரு தீக்குச்சி சொருகியிருக்கும். தோட்டத்து லயத்தை இடிச்சு எங்களையெல்லாம் தாமான்னு சொல்ற புதுக் குடியிருப்பு ஒண்ணுல கொண்டாந்து போட்டப்போ, எங்க வரிசையிலதான் அவருக்கும் வீடு கெடச்சது.

ஊருல யாரும் அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. பின்னாடி அண்ணன், அவ்வளவுதான். புதுசா வர்றவங்க அவரோட பின்பக்கத்து அகலத்தைப் பாத்து வெச்ச பேருன்னு நெனச்சுச் சிரிப்பாங்க. அதுக்கும் பொருத்தமான ஆளுதான், இல்லங்கல. ஆனா பேரு வந்த காரணம் வேற. எதையும் முன்னாடி சொல்ல மாட்டாரு. எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவரான பின்னாடி வந்து நின்னு, தேயோவை ஒரு இழு இழுத்துட்டு, "அப்பவே நெனச்சேன்லா"ம்பாரு.

"ஏண்ணே, அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலியே."

எந்த வீட்டு வாசல்ல நின்னாலும் அவருக்கு இந்த ரெண்டு பேச்சுதான்.

தாமான்ல ஒரு கல்யாணம். ரோட்டை அடைச்சுக் கூடாரம் போட்டிருந்தாங்க. கூடாரம் போட்ட பசங்க ஒரு மூலைக் கயித்தைச் சாக்கடை மூடியில கட்டிட்டுப் போயிட்டாங்க. இவரு முன் வரிசையில உக்காந்து அதைப் பாத்தாரு. எழுந்தாரு. நாற்காலியைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடிக்குப் போயிட்டாரு. தன் நாற்காலியை மட்டும்! பக்கத்துல உக்காந்திருந்த பெருசுங்ககிட்ட ஒரு வார்த்தை? மூச்! காத்து ஒண்ணு சுழட்டி அடிச்சதும் மூடி பேந்து, கூடாரம் சாஞ்சு, மாப்பிள்ளையோட தாய்மாமன் தலையில இரும்புக் கம்பி விழுந்து ரத்தம். இவரு மரத்தடியில இருந்தே, "கயிறு கட்டுறப்பவே நெனச்சேன்" அப்படிங்கறாரு. அன்னிக்குத்தான் எங்க எதிர்வீட்டுக்காரி சொன்னா, "இவரு பின்னாடி அண்ணன்டி." அப்படியே ஒட்டிக்கிச்சு.

தப்பைப் பாத்துட்டாருன்னா அந்தத் தீக்குச்சி கைக்கு வந்திடும். கண்ணை அரைவாசி மூடிக்கிட்டு, தலையைச் சாச்சு, காதை மெதுவா குடைவாரு. சுகம்னா சுகம், மூஞ்சியில அப்படி ஒரு சுகம். தமிழ்ப்பள்ளி வாத்தியாரு ஒருத்தரு பழைய காடி ஒண்ணு வாங்கிட்டு வந்து காட்டினாரு. இவரு ஒரு சுத்து சுத்தி வந்தாரு, குனிஞ்சு மோந்து பாத்தாரு, "கலர் நல்லாருக்கு வாத்தியாரே"ன்னாரு. தீக்குச்சி காதுக்குள்ள. வாத்தியாரு குடும்பத்தோட ஜித்ராவுக்குப் போறப்போ ஹைவேயில இஞ்சின் கட்டிப் போச்சு. பிள்ளைங்களோட வெயில்ல நின்னு போன் போட்டப்போ, "எண்ணெய் கருகின வாசம் அப்பவே அடிச்சுச்சுலா"ன்னு சொல்லிட்டு, இழுத்துட்டு வர லோரி எடுத்துக்கிட்டுப் போனாரு.

அதான் கொடுமை. வந்து நிப்பாரு. மத்தவன் மாதிரி ஒளிஞ்சுக்க மாட்டாரு. என் மகளுக்கு ஒருதடவை காய்ச்சல் ஏறி வலிப்பு வெட்டினப்போ, தூக்கிப் போட்டுக்கிட்டு சிவப்பு லைட்டுல கூட நிக்காம கூலிம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினவரு அவருதான். பெட்ரோல் காசு நீட்டினா கையைத் தட்டி விட்டாரு. நான் கண்ணுல தண்ணியோட கும்பிட்டேன். "காலையில விளையாடுறப்பவே நெனச்சேன் தங்கச்சி, புள்ள மூஞ்சி சரியில்லன்னு"ன்னாரு. கும்பிட்ட கையை என்ன பண்றதுன்னு தெரியல எனக்கு.

கட்டின பொண்டாட்டிக்கும் இதே கதிதான். பாவம், அந்தக்கா ஒருநாள் தன் கூடப்பொறந்த அண்ணன் வீட்டுக்கு ஜித்ராவுக்குப் போனவங்க திரும்பி வரல. துணிமணி அத்தனையும் போயிருச்சு. நாங்க பொம்பளைங்க துக்கம் விசாரிக்கப் போனோம். மனுசன் பாத்திரம் கழுவிக்கிட்டே, "பேக்ல குளிர் சட்டையும் வெச்சப்பவே நெனச்சேன்"னாரு. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பாங்களோ என்னமோ. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?

இனிமே எங்க கதைக்கு வர்றேன்.

எங்க வீட்டுக்காரரு அப்போ பாக் ஹாஜின்னு ஒரு மலாய்க்காரரோட மலை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தாரு. செம்பனை, எண்ணெய்க்கு வளக்கிற பனை. வாழ்நாள் பூரா அடுத்தவன் தோட்டத்துல பழக்குலை வெட்டினவருக்கு, நம்ம கைக்குன்னு வந்த மொத நிலம். சாயங்காலமானா மலை அடிவாரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு, கல்யாணம் கட்டின புதுசுல என்னைக்கூட அப்படிப் பாத்ததில்ல. பாக் ஹாஜி நல்ல மனுசன், ஆனா கண்டிப்பானவரு. "பழம் மரத்துல அழுகக் கூடாது. ஒரு அறுவடைச் சுத்து விட்டாலும் நிலத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்"னு முன்கூட்டியே சொல்லிட்டாரு. எங்ககிட்ட இருந்ததோ பின் சக்கரம் மட்டும் இழுக்கிற டீசல் பிக்கப். வெயில்ல ஏறும். மழை பேஞ்சா மலைப்பாதையில பாதி தூரம் போய், பின் சக்கரம் சேத்தை வாரி அடிச்சுட்டு நின்னுடும். ஒரு மழைக்காலத்துல குலைங்க கீழ வராம கெட்டுப் போச்சு. பாக் ஹாஜி வந்து அழுகின குலையைக் காலால புரட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போனாரு. எங்க வீட்டுக்காரருக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு.

புது ஃபோர்வீல் வண்டிக்கு நாங்க எங்க போறது? இருக்கிறதையே நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி மாத்திடலாம்னு முடிவு பண்ணினாரு. முன் சக்கரத்துக்கும் இழுவை குடுக்கணும். அதுக்கு ஒரு பெட்டி வேணும், கியர்பாக்ஸுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு சக்தியை முன்னாடிக்கும் பின்னாடிக்கும் பிரிச்சு விடும். முன்னாடிக்கு ஒரு டிஃப், அதாவது சக்கரத்தைச் சுத்த வைக்கிற பல்லுச் சக்கரக் கூடு. அதுக்கு ரெண்டு பக்கமும் ஷாஃப்ட். பழைய வண்டிங்களைப் பாதியா அறுத்து விக்கிற கடை சுங்கைப் பட்டாணியில இருக்கு, அங்க போய்ப் பொறுக்கிட்டு வந்தாரு. பெட்டி ஒரு வண்டியோடது, முன் டிஃப் இன்னொரு வண்டியோடது. "எல்லாம் ஒரே மாடல்தான்"னு கடைக்காரன் சொன்னானாம், இவரும் நம்பிட்டாரு.

வேலை பின்னாடி அண்ணன் கொட்டாய்லதான். வேலையில அவரைக் குறை சொல்ல முடியாது. வெல்டிங் வெச்சா தையல் மாதிரி இருக்கும். நான் பேக்டரி வேலையை விட்டுட்டு வீட்டுல இருந்த நேரம், லைட்டைப் பிடிச்சுக்கிட்டு கூடவே நின்னேன். எது எங்க போகுதுன்னு எனக்கும் மனப்பாடம். புது ஷாஃப்ட் வந்ததும் முன் சக்கரத்துப் பிரேக் டியூப்புக்கு இடம் பத்தல. அதை எங்க வீட்டுக்காரரு ஒரு துண்டுக் கம்பியால ஓரமா இழுத்துக் கட்டினாரு, ஷாஃப்ட்ல உரசாம.

முன் டிஃப்பை மாட்டறதுக்கு முன்னாடி, அந்தாளு அதைக் கையால சுத்திச் சுத்தி உள்ள பல்லை எண்ணினாரு. அப்புறம் வண்டிக்குப் பின்னாடி போய் பின் சக்கரத்து டிஃப்பையும் சுத்தி எண்ணினாரு. எழுந்து நின்னாரு. தீக்குச்சி கைக்கு வந்துச்சு.

லைட்டை அவரு பக்கம் திருப்பினேன். "என்னண்ணே?"ன்னேன்.

"எறும்பு தங்கச்சி."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஏங்க, அவரு காதைக் குடைஞ்சாருங்க."

"அடச்சீ, காது அரிச்சா மனுசன் குடைய மாட்டானா? உனக்கு எல்லாத்துலயும் சகுனம்."

வண்டி முடிஞ்சதும் பூசை போட்டோம். புது வண்டி மாதிரி பொட்டு, மாலை, சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம் பழம். நான் பழத்தை வெச்சுக்கிட்டிருக்கேன், அவரு நாற்காலியில இருந்தே சொல்றாரு, "முன்னாடி ரெண்டுக்கும் நல்ல பெரிய பழமா பாத்து வை தங்கச்சி. அதுங்களுக்குத்தான் திருஷ்டி ஜாஸ்தி." எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

மழையில வண்டி ஆடு மாதிரி மலை ஏறுச்சு. எங்க வீட்டுக்காரரு மேல நின்னு கத்தின கத்து கீழ மலாய்க் கம்பத்து வீடுங்களுக்கே கேட்டிருக்கும். பாக் ஹாஜி கூட சிரிச்சாரு. அந்த மழைக்காலம் பூரா ஒரு குலை அழுகல.

விஷயம் என்னன்னா, முன் டிஃப்புக்கும் பின் டிஃப்புக்கும் பல்லு கணக்கு ஒண்ணா இருக்கணும். இல்லன்னா முன் சக்கரம் ஒரு வேகத்துக்கு இழுக்கும், பின் சக்கரம் வேற வேகத்துக்கு இழுக்கும். சேறா இருந்தா தெரியாது, வழுக்கிச் சமாளிச்சுக்கும். காஞ்ச தரையில ரெண்டும் மல்லுக்கட்டும், நடுவுல மாட்டின பெட்டி தாங்காது. வெயில் காலம் வந்துச்சு. குலை நெறைய ஏத்திக்கிட்டு இறங்குறப்போ, அடிவாரத்துல சிமெண்டு போட்ட சரிவுல பெட்டி வெடிச்சு, சக்கரமெல்லாம் கட்டிப் போய், வண்டி அரைவட்டம் சுத்திப் பனை மரத்துல மோதுச்சு. எங்க வீட்டுக்காரரோட கால் உள்ள மாட்டிக்கிச்சு.

மொதல்ல வந்து நின்னது அவருதான். ஜாக்கி போட்டு, இரும்பை வளைச்சு, குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கி வெளிய கிடத்தினாரு. எங்க வீட்டுக்காரரு வலியில மண்ணைப் பிறாண்டிக்கிட்டிருக்காரு. நான் தலையைத் தூக்கி மடியில வெச்சிருக்கேன். அப்போ அந்த வாயி திறந்துச்சு.

"பல்லை எண்ணுறப்பவே நெனச்சேன்."

வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுறதுன்னா இதுதான். நான் கத்தினேன். "ஏண்ணே சொல்லல? ஏண்ணே?"

"கேக்கலியே தங்கச்சி. போடச் சொன்னாரு, போட்டேன்."

"நான் கேட்டேன்! என்னண்ணேன்னு கேட்டேனே!"

"நீ காதைத்தானே கேட்டே?"

கால் கூடி வந்துச்சு, ஆனா வளைஞ்சு கூடுச்சு. மலை ஏற முடியாது. பாக் ஹாஜி வீட்டுக்கு வந்து காலைப் பாத்துட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே எழுந்து போனாரு. நிலத்தை வேற ஆளுக்குக் குடுத்தாரு. யாருக்குங்கறீங்க? எங்க பிக்கப்பைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கிட்டுப் போய், சரியான பல்லு உள்ள டிஃப்பா தேடி மாட்டி, புதுப் பெட்டி வெச்சு ஜம்முனு ஓட்டிக்கிட்டிருந்த மனுசனுக்குத்தான். "ஒர்க்‌ஷாப்ல வேலை கம்மி, வண்டியும் சும்மா நிக்குது"ன்னு எங்க வாசல்லயே நின்னு சொன்னாரு.

எங்க வீட்டுக்காரரு சுவத்தைப் பாத்துப் படுக்க ஆரம்பிச்சாரு. ஊட்டினா சாப்பிடுவாரு. சிரிப்பு, பேச்சு, கோபம், எதுவும் இல்ல. வீட்டுல அடுப்பு எரியணுமே, நான் அதே மலையில, அந்தாளுக்கே உதிரிப்பழம் பொறுக்கப் போனேன். எங்க நிலம், எங்க வண்டி, நான் கூலி. மானம் ரோஷம் பாத்தா மக பட்டினி கெடப்பா.

அங்கதான் அது நடந்துச்சு. குலை ஏத்தி வண்டி இறங்கத் தயாரா நிக்குது. பழம் சிலது வண்டிக்குக் கீழ உருண்டு போச்சு, குனிஞ்சு பொறுக்கினேன். முன் சக்கரத்துப் பிரேக் டியூப் கண்ணுல பட்டுச்சு. எங்க வீட்டுக்காரரு கட்டின கம்பி இல்ல. அசிங்கமா இருக்குன்னு அந்தாளு கழட்டி எறிஞ்சிருக்காரு போல. டியூப் ஷாஃப்ட்ல உரசி உரசி, ரப்பர் போய், உள்ள நூல் தெரியுது.

அந்தாளு மேல எனக்கு இரக்கமா? ஒரு மண்ணும் கிடையாது. ஆனா கண்ணு முன்னால ஒருத்தன் சாகப் போறான்னா வாய் தானா திறந்துக்கும். மனுசப் பிறவிக்கு அப்படித்தான்.

"அண்ணே, போகாதீங்க. முன்னாடி பாருங்க."

"எதுக்கு முன்னாடி?" கிண்டல். தேயோவை உறிஞ்சுக்கிட்டே.

"முன்னாடி சக்கரம்ணே! பிரேக் டியூப் உரசி நூலா நிக்குது. இறக்கத்துல அறுந்துடும்."

என்னை ஏற இறங்கப் பாத்தாரு. குனிஞ்சு பாக்கல. குனிஞ்சா என்ன, குடியா முழுகிடும்? "முன்னாடியே சொல்றவங்களுக்கு ஏதோ வேணும்னு அர்த்தம் தங்கச்சி. என்ன, பயத்துல நான் மலையை விட்டுட்டா உன் புருசனுக்குத் திரும்பிக் கெடைக்கும்னு கணக்கா?"

"ஐயோ, சாமி சத்தியமா..."

"உன் எடத்துல நான் இருந்தா சொல்லியிருக்க மாட்டேன். அப்போ பொய்தானே?"

வண்டியை எடுத்துட்டாரு. பக்கத்துல குலை வெட்டுற இந்தோனேசியாக்காரங்க ரெண்டு பேரு நின்னாங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. "பிரேக் தா பாயிக்!", பிரேக் சரியில்லன்னு அவங்ககிட்ட மலாய்ல கத்தி, கையைக் காட்டி, அவங்களும் பின்னால ஓடினாங்க. வண்டி அதுக்குள்ள வளைவு திரும்பிருச்சு. அதே சிமெண்டுச் சரிவு. பிரேக் பிடிக்காம நேரா போய் ஓடைக்குள்ள தலைகீழா விழுந்துச்சு.

உசிரு இருந்துச்சு, இடுப்பு போச்சு. ஆஸ்பத்திரிக்கு நான் கஞ்சி எடுத்துக்கிட்டுப் போனேன். கட்டிலைச் சுத்தித் தாமான்காரங்க பாதிப்பேரு. அந்தாளு என்னை நேரா பாத்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு: "வண்டிக்கடியில குனிஞ்சு பாத்தா. எழுந்து நின்னு காதைக் குடைஞ்சா. ஒரு வார்த்தை சொல்லல."

பொய்! பச்சைப் பொய்! ஏன்னு எனக்குத் தெரியும். ஒரு பொம்பள முன்னாடியே சொல்லி, அதைக் கேக்காம போய் விழுந்தான்னு ஊரு பேசுறதை அந்தாளால தாங்க முடியாது. தன்னை மாதிரியே ஒருத்தி தன்னைக் கவுத்துட்டாங்கறது தாங்கும். அதுல அவருக்கு ஒரு பெருமைகூட இருந்துச்சு, பாவி மனுசனுக்கு.

"நான் சொன்னேன்! சொன்னேன்லா அண்ணே!"ன்னு கத்தறேன். யாரும் நம்பல. அந்த இந்தோனேசியாக்காரங்களும் வண்டி கிளம்பின பின்னாடி நான் கத்தினதைத்தான் சொல்ல முடியும். அது போகட்டும். வெளிய வந்தா எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடிச்சு, "நல்லா செஞ்சேடி"ங்கறா. கூலிம்ல மாமாக்னு சொல்ற முஸ்லிம் டீக்கடையில பாய் டீக்குக் காசு வாங்கல. "இன்னிக்கு நம்ம கணக்கு அக்கா"ன்னு கண்ணடிக்கிறாரு. வாத்தியாரு பெரிசா கும்பிடு போடுறாரு. சொன்னேன்னு சொன்னா, "ஆமா ஆமா, அப்படியே சொல்லுங்க"ன்னு சிரிக்கிறாங்க. பேரும் மாறிருச்சு. நான் இப்போ பின்னாடி அக்கா.

மனுசன் படுத்த படுக்கையா கிடந்து போய்ச் சேந்தாரு. ஜித்ராவுல இருந்து அந்தக்கா வந்து தலைமாட்டுல உக்காந்து அழுதாங்க. சாவு வீட்டுல நான் நுழைஞ்சதும் சனம் விலகி வழி விட்டுச்சு. கடைசியா ஒருதடவை அந்த மூஞ்சியைப் பாத்தேன். காது மடல் காலியா இருந்துச்சு. "பெரிய ஆளுதான் நீ"ன்னு மனசுக்குள்ள திட்டிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திட்டு அடுப்படிக்குப் போனேன். எங்க வீட்டுக்காரரு நாற்காலியில உக்காந்திருந்தாரு. இதைச் சொல்லணும்: ஆஸ்பத்திரியில அந்தாளு அப்படிச் சொன்ன செய்தி வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவரு சுவத்தைப் பாத்துப் படுக்கறதில்ல. தானா எழுந்து சாப்பிடறாரு. கோலூனிக்கிட்டு வாசல் வரைக்கும் போறாரு. போறவங்க வர்றவங்ககிட்ட, "என் பொண்டாட்டியா, கொக்கா?"ங்கறாரு. மக சிரிக்கிறா. எல்லாருக்கும் மறுப்புச் சொன்ன நான், அவருகிட்ட மட்டும் அந்தப் பேச்சையே எடுக்காம தள்ளிக்கிட்டே வந்தேன். அன்னிக்கு அடக்க முடியல.

"ஏங்க, நீங்களாவது நம்பணும். நான் அவருகிட்ட முன்னாடியே சொன்னேங்க. பிரேக் டியூப்பைப் பத்தி."

சோத்துத் தட்டுல இருந்த கை நின்னுச்சு. "நெசமாவா?"

நான் கரண்டியைக் கீழ வெச்சேன்.

"நெசமாவே சொன்னியா? அந்தாளை... காப்பாத்தவா பாத்தே?"

அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். பழைய சுவத்துப் பக்கம் திரும்பப் போற மூஞ்சி. என் கண்ணு முன்னாலயே கொஞ்சம் கொஞ்சமா அணையுது.

அடுப்பு மேல தீப்பெட்டி இருந்துச்சு. ஒரு குச்சியை எடுத்தேன். கண்ணை அரைவாசி மூடிக்கிட்டு, தலையைச் சாச்சு, காதை மெதுவா குடைஞ்சேன்.

வீடே அதிர்ற மாதிரி சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாரு, நான் போட்டேன்.